மினசோட்டா ஸ்டேட் ஃபேர்: மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வருஷா வருஷம் நடக்கிற பெரிய விவசாயக் கண்காட்சியான ஸ்டேட் ஃபேருக்குப் போகலாமா, வேண்டாமா என்று ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் நம்ம ஆட்கள் யாராவது கேட்பார்கள். "எல்லாத்தையும் எண்ணெயில பொரிச்சுக் குச்சியில குத்திக் குடுப்பாங்க, ஒரே கூட்டம், கார் நிறுத்த இடம் கிடைக்காது, அதானே?" என்று கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கும். 2022 தொடங்கி 2024 வரை மூன்று வருஷம் அங்கே வாலண்டியராக நின்றிருக்கிறேன். என் பதில், கட்டாயம் போங்கள். ஆனால் உள்ளே நுழைந்ததும் வாசனை இழுக்கிற பக்கம் போகாமல், முதலில் மாட்டுக் கொட்டகைக்கும் தோட்டக்கலைக் கட்டடத்துக்கும் போங்கள். முடிந்தால் ஒரு வருஷமாவது நாலு மணி நேரம் அங்கே நின்று வேலை செய்யுங்கள்.

தெரியாதவர்களுக்காக: மினியாபொலிஸுக்கும் செயின்ட் பாலுக்கும் நடுவில், ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சின்ன ஊரில் சுமார் 320 ஏக்கரில் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து, செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்தோடு முடியும். மொத்தம் 12 நாள். மினசோட்டா ஒரு மாநிலமானது 1858-இல். மறு வருஷமே முதல் ஸ்டேட் ஃபேரை நடத்திவிட்டார்கள். இங்கே விவசாயம் வளர வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். உள்நாட்டுப் போர், 1945-இல் எரிபொருள் தட்டுப்பாடு, 1946-இல் போலியோ, 2020-இல் கொரோனா என்று ஒரு சில வருஷங்கள்தான் விட்டுப்போயிருக்கின்றன. 2019-இல் 21 லட்சத்து 26 ஆயிரம் பேர் வந்தார்கள். மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையே 60 லட்சத்தைத் தொடவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய கூட்டம் என்று புரியும்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா தக்காளியும் முருங்கையும் போட்டவர். விடியுமுன்னே மார்க்கெட்டுக்குப் போய், கமிஷன் கடையில் சொல்கிற விலைக்குப் போட்டுவிட்டு வருவார். அவர் விளைவித்ததை யாராவது கையில் எடுத்துப் பார்த்து, "நல்லா வந்திருக்குய்யா" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எடை போடுவார்கள், சீட்டு எழுதுவார்கள், அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஃபேரில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு காகிதத் தட்டு. தட்டில் உருளைக்கிழங்கு. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், கண் ஒன்றுகூட ஆழமில்லை. பக்கத்தில் முதல் பரிசுக்கான நீல நாடா. அதன் முன்னால் ஒரு அப்பா, தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பாரு, எவ்வளவு சீரா இருக்கு" என்று இங்கிலீஷில் காட்டிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கை! நான் அந்த இடத்தைவிட்டு நகர ரொம்ப நேரம் ஆனது.

அதற்கு முன்னால் ஒருமுறை ஆபீஸ் தோழிகளோடு போனபோது இந்தத் தட்டு இருந்த தோட்டக்கலைக் கட்டடத்துக்குள்ளேயே நான் நுழையவில்லை. ராட்டினம், தீனி, வெயில், தலைவலி, வீடு. அன்று மாலை என்னைக் கேட்டிருந்தால் "வேஸ்ட்" என்றுதான் சொல்லியிருப்பேன். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்ததுதான் காரணம் என்று பிறகு புரிந்தது.

வாலண்டியர் ஆனது இப்படி. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு 'மாஸ்டர் கார்டனர்' என்ற திட்டத்தை 1977-இலிருந்து நடத்துகிறது. பயிற்சி கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக முதல் வருஷம் 50 மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும். பள்ளித் தோட்டம், உழவர் சந்தை என்று பல இடங்களில் அந்த மணிக்கணக்கைச் சேர்க்கலாம். ஸ்டேட் ஃபேரில் கேள்விக்குப் பதில் சொல்லும் மேசையும் அதில் ஒன்று. 1947-இல் திறந்த பழைய விவசாய – தோட்டக்கலைக் கட்டடத்துக்குள் அந்த மேசை இருக்கும். நடுவில் எட்டுப் பட்டைக் கோபுரம், அதிலிருந்து நாலா பக்கமும் கூடங்கள். ஒரு கூடத்தில் தேன், ஒன்றில் ஆப்பிள், இன்னொன்றில் காய்கறி, கதிர்க்கட்டு. ஹனிகிரிஸ்ப் ஆப்பிளை இதே பல்கலைக்கழகம்தான் உருவாக்கி 1991-இல் வெளியிட்டது. கடையில் ஸ்டிக்கர் ஒட்டி வாங்குகிற பழத்தை அதன் பிறந்த ஊரில் பார்க்கிற சந்தோஷம் தனி.

மேசையில் நின்றால் வருகிற கேள்விகளில் தக்காளிக்குத்தான் முதலிடம். போன தடவை ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையில் ஒரே ஒரு தக்காளியைப் போட்டு, பஸ்ஸில் நசுங்காமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். மேலே நல்ல சிவப்பு. திருப்பினால் அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுத்து, தோல்செருப்பு மாதிரி அமுங்கியிருந்தது. முட்டை ஓட்டை இடித்துப் போட்டாராம், கடையில் ஏதோ ஸ்பிரே வாங்கி அடித்தாராம், கேட்கவில்லை. "என்ன மருந்து?" என்றார். மருந்தே வேண்டாம், இது நோயே இல்லை என்றதும் நம்பாமல் பார்த்தார். காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததுதான் காரணம். மண்ணில் அது பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். தண்ணீர் ஒருநாள் குளமாகவும், அடுத்த நாலு நாள் வறட்சியாகவும் இருந்தால், செடியால் அந்தக் கால்சியத்தைக் காய் வரைக்கும் கொண்டுபோக முடியாது. தூரில் வைக்கோல் மூடாக்குப் போட்டு, அளவாக, ஒரே சீராகத் தண்ணீர் விடச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மேலே என் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பாவின் தோட்டத்தில் இதே கறுப்பு விழுந்த காய்களை நாங்கள் மாட்டுக்குப் போட்டிருக்கிறோம். ஏன் இப்படி ஆகிறது என்று யாரைக் கேட்பது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

அடுத்தது ஆஷ் மரம். அதைத் துளைக்கிற மரகத நிற வண்டு 2009-இல் செயின்ட் பாலில்தான் இந்த மாநிலத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. வாசலில் 40 வருஷமாக நிழல் கொடுத்த மரத்தை வெட்டுவதா, ஊசி போட்டுக் காப்பாற்றுவதா என்று கேட்டு வருகிறவர்கள், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத மாதிரிதான் பேசுவார்கள். அவசரப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால் நான் மறக்க முடியாதது ஒரு ஹ்மாங் பாட்டி. லாவோஸ் போருக்குப் பிறகு 1975-இலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் மக்கள் செயின்ட் பாலில் நிறைய. இந்த ஊர் உழவர் சந்தைகளில் நல்ல கீரை வேண்டுமென்றால் அவர்கள் கடைக்குத்தான் போவேன். பாட்டி ஹ்மாங்கில் சொல்ல, பத்து வயசுப் பேத்தி இங்கிலீஷில் சொன்னாள். போனில் ஒரு படம். இலை மேல் வெள்ளையாக மாவு தூவின மாதிரி. என் கூட நின்ற வாலண்டியர் பால் பண்ணையில் பிறந்து வளர்ந்த அம்மா, ரொம்ப அனுபவசாலி. அவரே, "இது என்ன கொடின்னு எனக்குத் தெரியலையே" என்று என் பக்கம் திரும்பினார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, பாகல். சாம்பல் நோய். அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள், கொடிக்கு நடுவே காற்று போகட்டும், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் தள்ளி நடுங்கள் என்றேன். பேத்தி சொல்லி முடித்ததும் பாட்டி என்னையே பார்த்து ஏதோ கேட்டார். "நீங்களும் இதைச் சாப்பிடுவீங்களான்னு பாட்டி கேக்கறாங்க." மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிசறி, புளித்தண்ணியில் வேகவைப்பதைச் சொன்னேன். அவர் உள்ளே பன்றிக்கறி அடைத்து வேகவைப்பாராம். ஏப்ரலில் வீட்டுக்குள் ஜன்னலோரம் விதை போட்டு, குளிர் போனதும் வெளியே நடுவது ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். வரிசையில் பின்னால் ஆள் நின்றார்கள், அதனால் விட்டோம். இல்லாவிட்டால் கொழுந்தைக் கடைவது வரைக்கும் பேசியிருப்போம்.

இதற்காகத்தான் வாலண்டியராகப் போகச் சொல்கிறேன். பார்க்க வந்தால் கூட்டத்தில் நாமும் ஒருவர். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றால், நம்ம ஊர் மண் கற்றுக்கொடுத்தது இந்த ஊர் மண்ணிலும் செல்லும் என்று தெரிகிறது. எனக்கு இந்த ஊர் என்னுடைய ஊரானது கிரீன் கார்டு வந்த அன்றைக்கு இல்லை, அந்த மேசையில்தான்.

வேலை முடிந்து அதே கட்டடத்தில் 'கிராப் ஆர்ட்' வரிசையில் நின்றேன். 1965-இலிருந்து நடக்கிற போட்டி. விதையாலேயே படம். மினசோட்டாவில் பயிர் செய்கிற விதைகளாக இருக்க வேண்டும், அதுதான் விதி. காட்டுச்செடி விதை கூடாது. சாயம் போடாத இயற்கை நிறத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆளி விதையின் பழுப்பு, கடுகு மாதிரி உருண்டையான கனோலாவின் கறுப்பு, தினையின் மஞ்சள் இதையெல்லாம் வைத்து ஒரு கிழவியின் முகச் சுருக்கத்தை ஒருவர் கொண்டுவந்திருந்தார். கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிற இடத்தில் விதை ஒவ்வொன்றும் ஒரே பக்கம் சாய்த்து ஒட்டியிருந்தது. மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். மார்கழியில் வாசலில் புள்ளி வைத்துப் பழகின கைகளுக்கு அதன் பின்னால் இருக்கிற பொறுமை உடனே புரியும். வரிசை நீளம்தான், கட்டடம் திறக்கிற காலை 9 மணிக்கே போய்விட்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

வெண்ணெய்ச் சிற்பம் இன்னொன்று. மாநிலத்தின் பால் பண்ணைக் குடும்பங்களிலிருந்து வரும் இளம்பெண்களில் ஒருவரை வருஷா வருஷம் 'பிரின்சஸ் கே ஆஃப் தி மில்கி வே' என்று தேர்ந்தெடுக்கிறார்கள். 1954-இலிருந்து இருக்கிற வழக்கம். இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவரின் தலையையும் 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ வெண்ணெய்க் கட்டியில் செதுக்குகிறார்கள். சுற்றிலும் கண்ணாடி போட்ட குளிர் அறை, அது மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே நாம் வியர்த்து நிற்போம், உள்ளே அந்தப் பெண் கோட்டும் கையுறையும் போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 1972-இலிருந்து 2021 வரை இதைச் செய்தார். இப்போது செய்வது ஜெரி குல்சர். செதுக்கி முடித்த தலையை அந்தக் குடும்பமே வீட்டுக்கு எடுத்துப்போகும். பிறகு ஊரைக் கூட்டி மக்காச்சோளம் அவித்து, அதில் இந்த வெண்ணெயைப் போட்டுச் சாப்பிடுவதும் உண்டு. வெண்ணெய் வெட்டும்போது ஒரு சுருள் உதிர்ந்து கீழே இருந்த வாளியில் விழுந்தது. என் மகள், "அம்மா, அந்த வாளியையும் எடுத்துட்டுப் போவாங்களா?" என்று கேட்டாள். ஆமாம், சீவினதையும்தான்.

மாடு கன்று ஈனுவதைப் பார்க்க மகளைக் கூட்டிப்போவதா என்று யோசித்தேன். 'மிராக்கிள் ஆஃப் பர்த்' என்று அதற்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் கூடவே இருப்பார்கள். எங்கள் ஊரில் மாடு ஈனும்போது பிள்ளைகளை விரட்டிவிடுவார்கள், மாடு மிரளும் என்று. இங்கே படிக்கட்டு மாதிரிப் பெஞ்சில் நூறு பேர். மனசு ஒப்பவில்லை. ஆனால் பனிக்குடம் உடைந்து, முன்னங்கால் ரெண்டும் அதன்மேல் மூக்கும் தெரிந்ததும், அந்த நூறு பேரும் யாரும் சொல்லாமலே அடங்கினார்கள். ஒரு மாணவி மண்டியிட்டு, மாடு முக்கும்போது மட்டும் காலை இழுத்தாள், முக்காதபோது விட்டாள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்கிற அதே பக்குவம். கன்று வைக்கோலில் விழுந்து தலையை உதறியது. தாய் திரும்பி நக்க ஆரம்பித்தது. மகள் என் கையை விடவே இல்லை. மைக்கில் ஒருவர் விளக்கம் சொன்னார்: மாட்டுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் கன்றுக்குப் போகாது, சீம்பாலில்தான் போகும், அதனால் முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்கவைக்க வேண்டும். நாங்கள் கன்றுக்குப் போக மிச்ச சீம்பாலைத் திரட்டி, வெல்லம் போட்டுச் சாப்பிட்டவர்கள். கன்றுக்கு முதல் பங்கு என்று பாட்டி ஏன் அத்தனை கறாராக இருந்தார் என்று அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். என் கணவர் சைவம். அவருக்கு அங்கே பட்டினி இல்லை. மட்டையோடு சுட்டு, உருக்கின வெண்ணெயில் முக்கித் தருகிற மக்காச்சோளம்தான் என் கணக்கில் முதலிடம். மட்டையை மடித்துப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடலாம். பொரித்த சீஸ் கர்ட்ஸை, அதாவது சின்னச் சின்னச் சீஸ் துண்டுகளை, நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், தனியாளுக்கு அது திகட்டும். தேன் கூடத்துக்குப் பக்கத்தில் சூரியகாந்தி விதை தூவின தேன் ஐஸ்கிரீம் கிடைக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஒரு கப் வாங்கினால் வேண்டிய மட்டும் பால் ஊற்றித் தருகிற கடை குழந்தைகளுக்குச் சொர்க்கம். 'சேலம்' என்று போர்டில் பார்த்ததும் நான் போய் நின்றது சேலம் லுத்தரன் சபையின் காப்பிக் கடை. காப்பித்தூளில் முட்டையைக் கலந்து காய்ச்சி வடிக்கிற ஸ்வீடிஷ் காப்பி. கசப்பே இல்லாமல் தெளிவாக இருக்கும். நம்ம டிகாக்‌ஷனின் அழுத்தம் இதில் வராது, எனக்கு ஒரு கப் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரு கடையில் சைவமா என்று கேட்டு, ஆமாம் என்றதும் வாங்கினோம். பாதி சாப்பிட்ட பிறகு பார்த்தால், அதே எண்ணெயில்தான் கறியும் பொரிகிறது. கணவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் "எண்ணெய் தனியா?" என்று தனியாகக் கேளுங்கள்.

செலவு குறைவில்லை. 2024-இல் பெரியவர்களுக்கு வாசல் டிக்கெட் 18 டாலர். குடும்பத்தோடு போய் ஆளுக்கு ரெண்டு தீனி வாங்கினாலே நூறு டாலர் தாண்டும். சனி, ஞாயிறு வேண்டாம், தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். வேலை நாளில் காலை வாங்க. காரை இலவச 'பார்க் அண்ட் ரைட்' இடங்களில் விட்டுவிட்டு பஸ்ஸில் வருவதுதான் புத்திசாலித்தனம். ஸ்னெல்லிங் அவென்யூ வழியாக வருகிற ஏ லைன் பஸ்ஸும் உண்டு. நல்ல செருப்பு முக்கியம், நிழல் குறைவு.

வாலண்டியராக வர விரும்புகிறவர்களுக்கு: ஏதாவது ஒரு அமைப்பின் வழியாக வருவதுதான் எளிது. செடி தெரிந்தால் மாஸ்டர் கார்டனர். பிள்ளைகள் இருந்தால் 4-எச் என்ற சிறுவர் அமைப்பு. அதில் சேர்ந்த பிள்ளைகள் தாங்கள் வளர்த்த ஆட்டையும் மாட்டையும் கொண்டுவந்து, நடுவர் முன்னால் நடத்திக் காட்டுவார்கள், மத்தியானத்தில் கொட்டகை வைக்கோலிலேயே மாட்டின்மேல் சாய்ந்து தூங்குவார்கள். பரிமாறப் பிடிக்குமென்றால் சர்ச் சாப்பாட்டுக் கூடங்கள். ஹாம்லின் சர்ச் 1897-இலிருந்து இங்கே சாப்பாடு போடுகிறது, நிற்பவர்கள் வாலண்டியர்கள்தான். எங்கே சேர்வதானாலும் கோடை வருமுன்னே பதிவு செய்துவிடுங்கள்.

அந்த உருளைக்கிழங்குத் தட்டைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அன்று ராத்திரியே போன் வந்தது.

"கிழங்கு நல்லா இருக்கு சாமி. கிலோ என்ன போகுது?"

"விக்கறதுக்கு இல்லப்பா. சும்மா வச்சிருக்காங்க, எல்லாரும் பாக்கறதுக்கு."

"காசு குடுத்து உள்ள வந்து பாக்கறாங்களா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உன்ற மொளகாச் செடி எப்படி இருக்கு?" என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறது. நாலு தொட்டி. இந்தத் தடவை ஒரே நீளத்துக்கு வருகிற காய்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், யாரும் பறித்துவிடக்கூடாது என்று மகளிடமும் சொல்லியாயிற்று. போட்டிக்கான விதிமுறைகளைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.